தவளையின் குருதி பிறக்கும் இடங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறள்வதே. குடாநாட்டு மக்கள் பருகும் நீரும், தோட்டங்களுக்கு இறைக்கும் நீரும், ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையையே நம்பியிருக்கின்றன. அம்மழையை மக்களைப் போலவே எதிர்பார்த்துக் காத்திருக்கும் உயிர்கள் தவளைகளும் தேரைகளுமாம். முதற் பெருமழை பெய்த இரவே குளங்களிலும் வயல்களிலும் தாழ்ந்த வெளிகளிலும் அவற்றின் பேரொலி எழுந்துவிடும். ஓயாமற் பேசுபவனை மாரித் தவளை என்று ஊரார் ஏளனஞ் செய்வது இதனைக் கேட்டுப் பழகியதனாலேயே.

அவ்வொலியைத் தொடர்ந்து முட்டைகள் தோன்றுகின்றன. தேரையின் முட்டைகள் கரிய மணிகளைக் கோத்த கூழ்ச் சரம்போல் நீரிற் கிடக்கும். மரத்தவளையோ நீருக்கு மேலே, கேணிச் சுவரிலோ தொட்டியின் ஓரத்திலோ, வெண்ணிற நுரைக்கூடு கட்டி அதனுள்ளே முட்டையிடும். சில நாளில் வாற்பேய்கள் வெளிவருகின்றன. மழை ஓய்ந்து தை மாத வெயில் ஏற ஏறப் பள்ளங்களில் நின்ற நீர் வற்றத் தொடங்கும். அது முற்றாக வற்றுமுன் வாற்பேய் தவளையாகிக் கரையேறிவிட வேண்டும். அன்றேல் மடிய வேண்டும். வால் சுருங்குவதும், கால்கள் முளைப்பதும், பூக்கள் மறைந்து சுவாசப்பை தொழிற்படுவதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த மாற்றங்கள். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத மாற்றமொன்று அதேவேளையில் உடலினுள்ளே நடைபெறுகின்றது. வாற்பேயின் குருதி தவளையின் குருதியன்று. பழைய குருதி நீங்கிப் புதிய குருதி வருகின்றது. அக்குருதியை உண்டாக்கும் இடமும் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு மாறிக்கொண்டே போகின்றது.

குருதியின் நுண்ணிய அமைப்பை மனிதன் அறிவதற்குத் தவளையே முதலாசிரியனாயிருந்தது எனலாம். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டவரான இயன் சுவாமர்டாம் என்பவர் நுணுக்குக்காட்டியின் கீழ்த் தவளையின் குருதியை வைத்து, அதனுள் நீள்வட்டமான சிறு துணிக்கைகள் மிதப்பதைக் கண்டார். அவையே செங்குழியங்கள். 1661இல் இத்தாலியரான மல்பீகி தவளையின் சுவாசப்பையில் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு, நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி செல்லும் வழியை வெளிப்படுத்தினார்.

மனிதனின் செங்குழியம் வட்டமானது. இருபுறமும் நடுவிலே குழிந்தது. தன் கருவை முதிர்ச்சியடையும்போது இழந்துவிடுவது. தவளையின் செங்குழியம் நீள்வட்டமானது. மனிதனின் செங்குழியத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளமுடையது. தன் கருவை இறுதிவரை காத்துவைத்திருப்பது. அக்கரு உறங்குவதுபோற் காணப்படினும் உயிரற்றதன்று. 1983இல் அமெரிக்க ஆய்வாளரான டி பெரார்டினோவும் ஒவ்னரும் தவளைச் செங்குழியத்தின் கருவை எடுத்து, கரு நீக்கிய முட்டையில் உரிய முறைப்படி வைத்து, அதிலிருந்து வாற்பேய்கள் வளரக் கண்டனர். ஒரு துளிக் குருதியில் மிதந்த ஒரு கலத்தின் கருவுக்குள் ஒரு முழு உயிரின் திட்டமும் அழியாதிருந்தது என்பதே இதன் பொருள்.

செங்குழியத்தின் தொழில் ஒட்சிசனைச் சுமப்பது. அத்தொழிலைச் செய்வது அதனுள்ளே நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதமாகும். இவற்றோடு குருதியில் வெண்குழியங்களும் உண்டு. அவற்றுட் சில புகுந்த கிருமியை விழுங்குவன. வேறு சில, நிணநீர்க்குழியங்கள் எனப்படுவன, தன்னுடையது எது, பிறிது எது என்று பிரித்தறிந்து, பிறிதை எதிர்க்கும் பொருள்களை ஆக்குவன. இக்கலங்கள் யாவும் தேய்ந்து அழிந்துகொண்டேயிருக்கின்றன. மனிதனின் செங்குழியம் ஏறத்தாழ 120 நாளே வாழ்வது. ஆகவே குருதி ஒருமுறை ஆக்கப்பட்டு முடிந்துவிடும் பொருளன்று. ஓயாமல் ஆக்கப்பட வேண்டிய பொருள்.

எங்கே ஆக்கப்படுகின்றது? இவ்வினாவுக்கு மனிதனைப் பொறுத்தவரை விடை கிடைத்தது 1868ஆம் ஆண்டிலேதான். சேர்மனியில் நொய்மான், இத்தாலியிற் பிட்சொசேரோ ஆகிய இருவரும் எலும்பின் உட்புறத்து மச்சையே குருதிக் கலங்களின் பிறப்பிடம் என்று வெவ்வேறாகக் கண்டறிந்தனர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்துக் கொண்டிருந்தார். உடற்றொழிலை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ என்னும் அவருடைய மொழிபெயர்ப்பு நூல் 1883இல் வெளிவந்தது. குருதியைப் பற்றிய அறிவு உலகிற் புதிதாய் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, அதனைத் தமிழிற் சொல்லும் முயற்சியும் இக்குடாநாட்டில் நடந்துகொண்டிருந்தது.

தவளையிலோ விடை இவ்வளவு எளிதன்று. ஏனெனில் அதன் குருதிக்குப் பிறந்தகம் ஒன்றன்று, பல.

முதலாவது பிறந்தகம் முளையத்தின் வயிற்றுப்புறத்தில் உள்ளது. முட்டை கருவுற்று வளர்ந்து, தலை இது, வால் இது என்று தெரியத் தொடங்கும் வேளையிலே, வயிற்றின் தோலுக்கு அடியிற் கலங்கள் சில திரள்கின்றன. இவற்றைக் குருதித் தீவுகள் என்பர். இதயம் துடிக்கத் தொடங்கியதும் இத்தீவுகளிலிருந்து முதற் செங்குழியங்கள் ஓட்டத்திற் கலக்கின்றன. இப்பகுதியின் முன்புறத்திலிருந்து விழுங்கு கலங்களும் பிறந்து, குருதியோட்டம் தொடங்குவதற்கு முன்பே முளையத்தினுள் ஊர்ந்து திரிகின்றன. முட்டையைவிட்டு வெளிவராத அந்தச் சிற்றுயிருக்கு அதற்குள்ளேயே காவலும் அமைந்துவிடுகின்றது.

இத்தீவுகளிற் பிறந்த கலங்களே பெருகிப் பிற்காலத்துக் குருதி முழுவதையும் தருகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்கரான யேம்சு டேர்ப்பனும் அவருடைய கூட்டாளிகளும் சிறுத்தைத் தவளை என்னும் இனத்தில் நடத்திய ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. அவர்கள் கையாண்ட முறை மிக நுட்பமானது. சாதாரண முளையத்தின் கலங்களில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதியாய் இருக்கும். மூன்று தொகுதி உடைய முளையங்களையும் ஆய்வுகூடத்தில் உண்டாக்கலாம். ஒருவகை முளையத்திலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி, மற்றவகை முளையத்தில் அதே இடத்தில் ஒட்டினால், அது பொருந்தி வளர்ந்துவிடும். பின்னர் எந்தக் குருதிக் கலத்தைப் பார்த்தாலும், அது ஒட்டிய துண்டிலிருந்து வந்ததா, ஏற்ற உடலிலிருந்து வந்ததா என்று நிறமூர்த்தத் தொகுதிகளைக் கொண்டு சொல்லிவிடலாம். அடையாளம் இட்ட மாடு எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று அறிவது போன்றது இது.

இவ்வாறு தேடியபோது, வாழ்நாள் முழுதும் நிலைக்கும் குருதியின் மூலக்கலங்கள் வயிற்றிலன்றி முதுகுப்புறத்திலே, பெருநாடி அமையும் இடத்தின் அருகிலும் முதற் சிறுநீரகம் அமையும் இடத்தின் அருகிலும் பிறப்பது தெரிந்தது. வயிற்றுத் தீவுகள் அவசரத் தேவைக்கு விரைந்து குருதி தருவன; முதுகுப்புறத்து மூலக்கலங்களோ நீண்டகாலத்துக்குரிய வித்து. ஆயினும் இவ்வித்து, பிறந்த இடத்திலேயே பயிராவதில்லை. ஓட்டத்தோடு சென்று வேறு உறுப்புகளிற் குடியேறிப் பெருகுகின்றது.

வாற்பேயில் அவ்வாறு குடியேறும் இடங்கள் ஈரலும் சிறுநீரகமுமாம். சிறுநீர் வடிக்கும் நுண்குழாய்களுக்கு இடையிலுள்ள இழையத்திலே குருதிக் கலங்கள் பெருகுகின்றன. மீன்களிலும் இவ்வாறே சிறுநீரகமே குருதியின் பெரும் உற்பத்திக் களமாய் இருக்கின்றது. நீரிலே நீந்தும் பருவத்தில் வாற்பேய் பூவினாற் சுவாசிப்பதில் மட்டுமன்றிக் குருதியை ஆக்குவதிலும் மீனை ஒத்திருக்கின்றது.

அக்குருதியின் இயல்பும் அந்நீருக்கு ஏற்றதே. வற்றிக்கொண்டிருக்கும் குட்டையின் கலங்கிய, சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவு. 1951இல் ஒசுற்றின் இரிக்சு என்னும் ஆய்வாளர் அமெரிக்கப் பெருந்தவளையின் ஈமோகுளோபினை ஆராய்ந்து, வாற்பேயின் ஈமோகுளோபின் ஒட்சிசனை மிக இறுகப் பற்றுவது, வளர்ந்த தவளையினது அவ்வளவு இறுகப் பற்றாதது என்று காட்டினார். இல்லாத இடத்திலும் தேடிப் பிடிக்க வேண்டிய வாற்பேய்க்கு இறுகிய பிடி வேண்டும். நிலத்தில் வாழும் தவளைக்குக் காற்றிலே ஒட்சிசனுக்குப் பஞ்சமில்லை; அதற்கு வேண்டியது, பாய்ந்து குதிக்கும் தசைக்குப் பெற்றதை எளிதிற் கொடுத்துவிடும் தன்மையே. ஆகவே ஈமோகுளோபினே மாறுகின்றது.

இம்மாற்றத்தைத் தூண்டுவது தைரொயிட்டுச் சுரப்பியின் சுரப்பாகும். 1912இல் கூடர்நாச்சு என்பவர் வாற்பேய்களுக்குத் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாக ஊட்டி, அவை உரிய காலத்துக்கு முன்பே சிறு தவளைகளாக மாறக் கண்டார். வாலைக் கரைக்கும் அதே கட்டளை குருதிக்கும் செல்லுகின்றது. பழைய செங்குழியங்கள் ஒவ்வொன்றாய் ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு கலங்களால் அகற்றப்படுகின்றன. புதிய ஈமோகுளோபினைக் கொண்ட புதிய செங்குழியங்கள் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. பழைய வீட்டைத் திருத்துவதன்று இது. ஒரு குடி வெளியேற மற்றொரு குடி புகுவது.

இடையிலே குருதி குறைந்துவிட்டால் என்னாகும் என்ற கேள்வி எழலாம். 1968இல் புளோரெசும் பிறீடனும் பெருந்தவளையின் வாற்பேய்களுக்கு ஒரு மருந்தைச் செலுத்திச் செங்குழியங்கள் அனைத்தையும் அழித்துப் பார்த்தனர். வியப்பென்னவெனில், செங்குழியமே அற்ற அவ்வுயிர்கள் இறவாது பல நாள் வாழ்ந்தன. குளிர்ந்த இரத்தமுடைய இவ்வுயிர்க்குத் தேவையான ஒட்சிசன் குறைவு. அதன் ஈரத்தோலும் ஒட்சிசனை உறிஞ்சுவது. மனிதனுக்கு இயலாத இந்தப் பொறுமைதான், உடலை மாற்றியமைக்கும் வேலையை ஆபத்தின்றி முடிக்கத் தவளைக்குத் துணையாகின்றது.

செங்குழியத்தின் மாற்றத்தினும் சிக்கலானது காவற் கலங்களின் மாற்றம். தவளையின் செவிப்பறைக்குப் பின்னே, தாடைத் தசைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாகத் தைமசு என்னும் சிறு சுரப்பி உண்டு. முதுகுப்புறத்து மூலக்கலங்களுட் சில இங்கே வந்து தங்கி நிணநீர்க்குழியங்களாகப் பயிற்சி பெறுகின்றன. தன் உடலைத் தாக்கக் கூடியவை இங்கேயே களையப்படுகின்றன. செனோப்பசு என்னும் ஆபிரிக்கத் தவளையின் இளம் வாற்பேயிலிருந்து தைமசை அகற்றிவிட்டால், அது வளர்ந்தபின் வேறொரு தவளையின் தோலை ஒட்டினாலும் அதனை எதிர்த்துத் தள்ளும் வலிமையைப் பெரிதும் இழந்திருக்கும். தைமசு பள்ளிக்கூடமாயின், மண்ணீரல் காவல் நிலையமாகும். குருதியில் வந்த அயற்பொருளை வடித்துப் பிடிப்பதும், பிறபொருளெதிரிகளைப் பெருமளவில் ஆக்குவதும் அங்கேதான். மனிதனின் கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டுவதாக ஊரார் சொல்லும் நிணநீர்க் கணுக்கள் தவளையில் இல்லை. ஆகவே மண்ணீரலின் பொறுப்பு மிகப் பெரிது.

உருமாற்றம் வரும்போது இக்காவலுக்கு ஒரு நெருக்கடி நேர்கின்றது. தவளையின் புதிய ஈமோகுளோபின், புதிய தோற் புரதங்கள் முதலானவை வாற்பேயின் நிணநீர்க்குழியங்கள் முன்பு கண்டறியாதவை. அவை இவற்றைப் பகையென்று எண்ணித் தாக்கினால் தவளை தன்னையே அழித்துக்கொள்ளும். இந்த ஆபத்துக்கு இயற்கை கண்ட வழி கடுமையானது. செனோப்பசின் தைமசு தன் நிணநீர்க்குழியங்களிற் பத்தில் ஒன்பது பங்கு வரையில் அக்காலத்தில் இழந்துவிடுகின்றது. பின்னர் மூலக்கலங்களின் இரண்டாவது அலை அங்கே வந்து குடியேறி, மாறிய உடலைத் தன்னுடையதென்று கற்றுக்கொண்டு வளர்கின்றது. பழைய காவலர் விலகிப் புதிய காவலர் பயிலும் அந்தச் சில வாரங்களே தவளையின் வாழ்வில் மிகவும் பலவீனமான காலம்.

கரையேறிய தவளையிலே குருதியின் பிறந்தகம் மீண்டும் மாறுகின்றது. தவளை இனங்கள் பலவற்றிற் கால் எலும்புகளின் மச்சை இப்போது தொழிற்படத் தொடங்குகின்றது. எலும்பின் உள்ளே குருதியை ஆக்கும் வழக்கம் முதுகெலும்புள்ள உயிர்களில் முதன்முதலாக இந்த ஈரூடக வாழிகளிடத்திலேதான் தோன்றியது. ஆயினும் எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது. செனோப்பசு வாழ்நாள் முழுதும் நீரைவிட்டு நீங்காதது. அதிற் செங்குழியங்களை ஆக்கும் பெரும்பணி ஈரலினிடத்திலேயே இருந்துவிடுகின்றது. வாலுடைய ஈரூடக வாழியாகிய நியூற்றிலோ மண்ணீரல் அப்பணியை ஏற்கின்றது. குளிர்நாட்டுத் தவளையில் மச்சையின் உழைப்புப் பருவத்தோடு ஏறியும் இறங்கியும் வரும். நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய நெடும் பயணத்தின் படிகள் யாவும் இவ்வினத்து உயிர்களில் இன்றும் அடுத்தடுத்துக் காணக்கிடக்கின்றன.

இவையெல்லாம் தவளையின் செய்தி மாத்திரம் அல்ல. மனிதக் குழந்தையின் குருதியும் இதே வழியில் நடந்தே வருகின்றது. கருவின் மூன்றாவது கிழமையளவிற் கருவூண் பையிலே முதற் குருதித் தீவுகள் தோன்றுகின்றன. பின்பு பெருநாடியின் அருகே நிலையான மூலக்கலங்கள் பிறக்கின்றன. அவை ஈரலிற் குடியேறிப் பெருகி, இறுதியில் எலும்பு மச்சையை அடைகின்றன. வாற்பேயைப் போலவே கருவிலுள்ள குழந்தைக்கும் ஒட்சிசனை இறுகப் பற்றும் தனி ஈமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்களில் அது மாறிவிடுகின்றது. தாயின் வயிற்றுள் மறைவாய் நடப்பது, தவளையிலே திறந்த குளத்தில் நடக்கின்றது.

இந்த அறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தலசீமியா என்னும் நோயிலே குழந்தைப் பருவத்து ஈமோகுளோபின் நின்றபின் வர வேண்டிய ஈமோகுளோபின் போதிய அளவு வருவதில்லை. நோயாளர் பிறரிடமிருந்து பெறும் குருதியாலேயே வாழ வேண்டியவராகின்றனர். நின்றுபோன கருப்பருவத்து ஈமோகுளோபினை மீண்டும் ஆக்குமாறு நோயாளியின் மூலக்கலங்களையே திருத்திக் கொடுக்கும் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு நவம்பரிற் பிரித்தானியா முதன்முதலாக அனுமதி வழங்கியது. ஈமோகுளோபின் ஏன் மாறுகின்றது, எக்கட்டளையால் மாறுகின்றது என்ற கேள்வியைப் பல நாட்டு ஆய்வாளர் பல உயிர்களிற் கேட்டு வந்தனர். வாற்பேயும் அவ்வுயிர்களுள் ஒன்று.

குடாநாட்டுக்கு நெருங்கிய செய்தியும் இதில் உண்டு. உருமாற்றக் காலத்துத் தவளையின் பலவீனத்தைப் பல பகைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் தோற் பங்கசு ஒன்று 1998இல் அறியப்பட்டது. வாற்பேயில் அது வாயருகே மட்டும் பற்றி இருக்கும். புதிதாய்க் கரையேறிய தவளையிலோ உடல் முழுதும் படர்ந்து கொல்லும். 2023இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி ஈரூடக வாழிகளில் நூற்றுக்கு 41 பங்கு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன.

மற்றொரு பகை மனிதன் சேர்ப்பது. குடாநாட்டின் செம்மண் ஆழமற்றது; அதன் கீழுள்ள சுண்ணக்கல் வெடிப்புகள் நிறைந்தது. தோட்டத்தில் இடும் பசளையும் மலக்குழிகளின் கழிவும் மழையோடு விரைவில் நிலத்தடி நீரை அடைகின்றன. கிணறுகள் பலவற்றின் நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறிக் குருதியிற் சேர்ந்தால் ஈமோகுளோபினின் இயல்பு கெட்டு, அது ஒட்சிசனைச் சுமக்க முடியாததாகின்றது. புட்டிப்பாலை அத்தகைய நீரிற் கரைத்து ஊட்டினால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிப்பது இதனாலேதான். நீரைக் கொதிக்க வைப்பதனால் நைத்திரேற்று நீங்குவதுமில்லை. நைத்திரைற்றுக் கலந்த நீரில் விட்ட வாற்பேயின் ஈமோகுளோபினும் இவ்வாறே கெடுவதை 1980இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். குழந்தைக்கும் வாற்பேய்க்கும் ஈமோகுளோபின் மாறும் பருவமே ஆபத்தான பருவமாய் அமைவது கருதத்தக்கது.

ஒரே மழைதான் குளத்தையும் கிணற்றையும் நிரப்புகின்றது. தோட்டத்துப் பசளையை அளவோடு இடுவதும், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே போதிய தூரம் விடுவதும், கைக்குழந்தைக்கு ஊட்டும் நீரைச் சோதித்துக்கொள்வதும் குடாநாட்டார் கைக்கு எட்டிய காரியங்களே. அடுத்த மாரியிலே வயற்கரையில் வாற்பேய்களைக் காணும் பிள்ளைகள் அவற்றின் வால் சுருங்குவதை மட்டும் பார்ப்பர். உள்ளே பழைய குருதி விடைபெறப் புதிய குருதி குடிபுகும் வேலை, நீர் வற்றுமுன் முடியவேண்டுமென்று, ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும். அந்நீர் தூயதாய் இருந்தால் அவ்வேலை நன்றாய் முடியும்.